முடிக்காமல் விட்ட ரீமிக்ஸ்

இரவு இரண்டு பத்து. பைபாஸ் ரோடு. முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது... ஓரமாக ஒரு கார் மட்டும். இன்ஜின் ஓடுகிறது, கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஒருத்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கல்யாண மேடைகளுக்கு லைட் போடுகிற நம் லைட்காரனுடைய அக்கா புருஷன்தான். லைட்காரன் சொன்னதைத்தான் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

அந்த மச்சான் ஒரு டீஜே. அப்படித்தான் அவனே சொல்லிக்கொள்வான். எனக்குத் தெரிந்து அவன் ஒரு பாட்டையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. டெக்னோ என்கிற ஆட்டப் பாட்டில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன் மேல் ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே வேகம், ஒரே சுதி என்றால்தான் ஒட்டும். மற்றவர்கள் அதைக் காதால் பிடிப்பார்கள். இந்த மேதாவி கண்ணால் பிடிப்பான். லேப்டாப் ஒவ்வொரு பாட்டுக்கும் வேகத்துக்கு ஒரு எண், சுதிக்கு ஒரு எண் காட்டும். எண்ணுக்கு எண் சரியா? இரண்டின் வேகத்தையும் தானே ஒன்றாக்கும் சிங்க் பட்டனை அமுக்கு, கையைத் தூக்கி ஆடு. ஹெட்போன் பாட்டுக்குக் கழுத்தில் தொங்கும், மாட்டுக்கு மணி கட்டியதுபோல.

அவனுக்கு ஒரு பார்ட்னர் இருந்தான். காது என்றால் அது காது. தொண்டைக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகியே சுதியைப் பிடித்துவிடுவான். நெஞ்சுச் சளிக்காரன், எப்போதும் தைல வாசனை. மூன்று மாதம் முன்னால் செத்துப்போனான். துக்கம் விசாரிக்கப் போன மச்சான் என்ன செய்தான் தெரியுமா? அழுதுகொண்டிருந்த பார்ட்னருடைய அம்மாவைத் தாண்டிப் போய், மேஜைமேல் இருந்த பென் டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். உள்ளே ஒரு ரீமிக்ஸ். ‘இன்னும் முடியல, யாரும் போடாதீங்க’ என்றே ஃபைலுக்குப் பெயர். இவன் அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தான். த்தூ...

அந்தக் கார் ராத்திரிதான் அவனுக்குப் பரீட்சை. நன்றாக வாசித்தால் எல்லா சனிக்கிழமையும் உனக்கு, சொதப்பினால் இந்தப் படி ஏறாதே என்று கிளப் மேனேஜர் சொல்லியிருந்தார். ஒன்றரை மணிக்கு ரீமிக்ஸைப் போட்டான். கூட்டம் கிறங்கியது. அடுத்த பாட்டு, அதே எண்கள். சிங்க். ஏற்றினான்...

நாராசம்.

பார்ட்னர் ரீமிக்ஸில் வரும் ஒரு பெண் குரலுக்காக மொத்தச் சுதியையும் துளி இறக்கி வைத்திருந்தான். எந்த எண்ணிலும் அது அடங்காது. ஒரு தடவை கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆடியவர்கள் நின்றார்கள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். நம்ம ஆள் திரையையே முறைக்கிறான். எண் சரியாகத்தானே இருக்கிறது!

அப்போது... ரீமிக்ஸின் சுதியை ஏற்றும் கட்டை தானாக நகர்ந்தது. சர்ர்... ஒரு மயிரிழை. நின்றது. இன்னும் அரை மயிரிழை. சுதி துளி ஏறி அடுத்த பாட்டோடு கச்சிதமாகச் சேர்ந்தது. கூட்டம் கத்தியது. மச்சானுடைய இரண்டு கையும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தன.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெட்போனைக் காதில் மாட்டினான். காதில் படும் மெத்தை பிசுபிசுவென்று ஈரம். தைல வாசனை. உள்ளே பாட்டு இல்லை.

ம்ம்ம்...

கழற்றி எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தான், வீரன். பைபாஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, ஓரங்கட்டி எடுத்தான். மேனேஜர்.

“பிரமாதம்பா! இனிமே எல்லா சனிக்கிழமையும் உனக்குத்தான்.”

“சார்... நான் பாதியிலயே கிளம்பிட்டேனே.”

“என்ன உளர்ற? என் கண்ணு முன்னாடிதான நிக்கிற. மொதல்ல போனை கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் வாசி.”

ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது, இல்லையா? அதன்பிறகு மச்சான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறான். ஆனால் கிளப் வாசலில் வாராவாரம் அவன் முகத்தோடு போஸ்டர்.

போன வாரம் லைட்காரன் போய்ப் பார்த்தான். மேடையில் மச்சானேதான். அதே மூக்கு, அதே தொந்தி. ஹெட்போன் மட்டும் இரண்டு காதையும் இறுக மூடியிருந்தது. லைட்காரன் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன் போட்டான். மச்சான்தான் எடுத்தான்.

“மச்சான்... இங்க நீங்க வாசிச்சிட்டிருக்கீங்க.”

போர்வை விலகும் சத்தம் கேட்டது. பிறகு, “எப்படிடா இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கு மச்சான். நீங்க வாசிச்சதுலயே இதுதான் நல்லா இருக்கு.”

மேடையில் நின்றவன் நிமிர்ந்து, நேராக அந்தத் தூணைப் பார்த்து, ‘தேங்க்ஸ்டா’ என்று வாயசைத்தானாம்.