ஒன்பதாம் பக்கம்

விசாரணைக்கென்று நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. ஆபீஸில் என் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. பதினோரு வருஷம் அதில்தான் உட்கார்ந்தேன்.

நானும் வக்கீல்தான். ஆனால் சீனியரிடம் என் வேலை, அவர் மனுக்களைக் கோர்ட்டு இணையதளத்தில் ஏற்றுவது. அந்தத் தளத்தின் குணம் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கோப்பு சற்றுப் பெரிதாக இருந்தால் வாங்காது. ஏன் வாங்கவில்லை என்றும் சொல்லாது. கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் முக்கால்வாசி ஏறிய பிறகு துப்பிவிடும். மதியத்துக்கு மேல் எல்லா வக்கீல்களும் முட்டி மோதுவதால் அப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். அதனால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்வேன், பாகம் பாகமாகப் பிரிப்பேன், காலை எட்டரைக்கே உட்கார்ந்துவிடுவேன். எல்லாவற்றையும் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்று எழுதி வைத்திருந்தேன்.

எப்போதாவது சிக்கினால் சீனியர் கட்சிக்காரர்கள் முன்னாலேயே சொல்வார்: "ஒரு பட்டனைத் தட்டத் துப்பில்லை, இவளெல்லாம் வக்கீல்." நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஏற்றுவேன்.

போன வருஷம் வக்கீல்கள் கூட்டத்தில் நான் எழுதி வைத்ததைத் தன் அனுபவம் என்று திரையில் காட்டிப் பேசினார். என் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து சந்தேகம் கேட்டார். பதில் தெரியாமல் என்னைக் கைகாட்டி, "அதெல்லாம் நம்ம டைப்பிஸ்ட் பாத்துக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, நீங்கள் விசாரிக்கிற அந்தம்மாவின் மனு வந்தது. பிரிந்துபோன கணவன் ஆறு வயது மகளைச் சனிக்கிழமை விமானத்தில் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறான், தடை வேண்டும். அன்றைக்கே ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை கோர்ட்டு அலுவலகத்திலிருந்து சீனியரின் மின்னஞ்சலுக்குத் திரும்பி வந்தது: ஒன்பதாம் பக்கம் இல்லை, சேர்த்து மறுபடி ஏற்றவும். சீனியர் தன் மின்னஞ்சலைத் திறக்க மாட்டார். அதைத் திறப்பதும் நான்தான். படித்துவிட்டு மூடினேன்.

அந்தம்மா தினமும் வந்தாள். "அக்கா, மனு ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா."

அது பொய் இல்லை. ஏறத்தான் ஏறியது.

"அப்ப பாப்பாவ கூட்டிட்டுப் போக முடியாதுல்ல?"

"சார் பாத்துப்பார்."

வியாழக்கிழமை எனக்கும் ஒரு தேநீர் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். குடித்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணைப் பட்டியலில் அந்த வழக்கு இல்லை. கோர்ட்டு வராந்தாவில், அந்தம்மாவும் நாலைந்து வக்கீல்களும் பார்த்துக்கொண்டிருக்க, சீனியர் என் மேல் பாய்ந்தார். நான் குரலை உயர்த்தவில்லை. போனை நீட்டினேன். "செவ்வாய்க்கிழமையே உங்க மெயிலுக்கு வந்திருக்கு சார். உங்க மெயில நீங்க பாக்கறதில்லையா?"

அவர் போனைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்துக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தேன்.

இனி ஏற்றினாலும் திங்கட்கிழமைதான் பட்டியலில் வரும். சனிக்கிழமை விமானம் போய்விட்டது. எட்டு மாதமாகிறது. குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கணவனின் போன் எண்ணும் வேலை செய்யவில்லை.

மறதியா என்று கேட்டீர்கள். இல்லை. திங்கட்கிழமை ஸ்கேன் செய்யும்போதே ஒன்பதாம் பக்கத்தை உருவி என் கைப்பையில் வைத்தேன். விமானம் எந்தக் கிழமை என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்பதுதான். வேறொருத்தருடைய மனுவாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அந்தம்மா இப்போதும் என்னிடம்தான் பேசுகிறாள். புது மனு போட்டால் நானே ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.