டார்ச்சுக்கு அனுமதியில்லை

எங்கள் ஊரில் கோடையில் தர்ப்பூசணியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர் எவருமில்லை. வலைப்பையில் கட்டி ஊற்றில் மிதக்கவிட்டுவிடுவோம். ஃபுளோரிடா வெயிலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தர்ப்பூசணிகள் வாயிலைக் கடக்கும்போது நான் அவற்றைச் சோதிப்பதில்லை. அவற்றுக்குக் குகைக்குள் போகும் ஆசை இல்லை. மனிதர்களைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அதிகாரி அவர்களே, நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் வெர்னா திக்பென். டெல்மர் ஸ்ட்ரிக்லண்டுக்குச் சொந்தமான கெட்டில் ஊற்றின் வாயிற்காப்பு என் பொறுப்பு. ஊற்றின் அடியில், வெயில் எட்டாத இடத்தில், குகை தொடங்குகிறது. குகைப் பயிற்சி அட்டை வைத்திருப்பவர் உள்ளே போகலாம். மற்றவர்கள் வெளிச்சமுள்ள நீரில் மட்டும் முக்குளிக்கலாம். அவர்கள் டார்ச் எடுத்துச் செல்லக் கூடாது. டார்ச் வைத்திருப்பவனுக்கு இருட்டு ஓர் அழைப்பாகத் தெரிகிறது. இல்லாதவனுக்கு அது ஒரு சுவர். இந்த விதியை விளக்க எனக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் கேட்பாரில்லை. ஜார்ஜியாவிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர், அவித்த கடலைப் பொட்டலத்துக்குள் டார்ச்சை ஒளித்திருந்தார்.

"அது கடலை ஆறாம இருக்கறதுக்கு வெச்சதும்மா" என்றார்.

கடலையை அவரிடம் கொடுத்துவிட்டு டார்ச்சை நான் வைத்துக்கொண்டேன். கடலை ஆறித்தான் இருந்தது.

நீருக்கடியில் குகை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. அரிவாள் ஏந்திய எலும்புக்கூட்டின் படம். அதன் கீழே, 'இதைத் தாண்டாதே. உன்னைவிடத் தேர்ந்தவர் இங்கே உயிரிழந்ததுண்டு' என்ற வாசகம். அதைப் பொருத்தியவள் நான். நானும் குகையில் முக்குளிக்கப் பயின்றவள்தான்.

ராய் டூலி அந்த எலும்புக்கூட்டுக்குப் பிறந்தநாள் தொப்பி அணிவித்தார். அவர் குகைப் பயிற்சியாளர். இந்த வட்டாரத்தில் அவருக்கு நிகரானவர் இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். தொப்பி கோணலாக இருந்தது. அகற்றுவதற்கு முன் அதை நேராக்கினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு பிற்பகல், டெல்மர், டூலி, நான் மூவரும் மர மேசையில் அமர்ந்து பொரித்த கெளுத்தி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மிஸ் வெர்னா, ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றார் டூலி. "அந்தப் பலகையில, கெட்டிக்காரங்க இங்க செத்திருக்காங்கன்னு போட்டிருக்கே. யாரு அந்தக் கெட்டிக்காரங்க? ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்."

"இந்த மாநிலத்துல எத்தனையோ ஊத்துல செத்திருக்காங்க, டூலி."

"இங்கன்னுல்ல போட்டிருக்கு? நம்ம கெட்டில்ல ஒரு தவளைகூடச் செத்ததில்ல. பச்சைப் பொய் பேசுற எலும்புக்கூடு. டெல்மர், பாவம் அதுக்கும் வயசாச்சு, வீட்டுக்கு அனுப்பிடுங்க."

டெல்மர் மீன்முள்ளைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அவன் சொல்றதும் நியாயந்தான் வெர்னா. நீ டார்ச்சைப் புடுங்கிட்டா குடும்பத்தோட வர்றவங்க கோச்சுக்கிட்டு ஆத்தோரப் பார்க்குக்குப் போயிடறாங்க. செப்டம்பர்ல லேபர் டே லீவு முடிஞ்சதும் பலகையக் கழட்டிடலாம். டார்ச்சையும் விட்டுடலாம்."

"பயிற்சி இல்லாதவங்க உள்ள போயிடுவாங்க, டெல்மர்."

"போனா பாத்துக்கலாம்."

உள்ளே போனவரைப் பார்த்துக்கொள்ள இயலாது என்பதுதான் குகையின் இயல்பு. இதை எடுத்துச் சொன்னேன். டூலி என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்து, "சாப்பிடுங்க மிஸ் வெர்னா, இதுகூட உள்ள போனா திரும்பி வராது" என்றார். டெல்மர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

என்னைக் கேலி செய்ததில் எனக்கு வருத்தமில்லை. டூலியின் ஆட்சேபம் சரியாக இருந்ததே என்னை உறங்கவிடவில்லை. உண்மையில்லாத ஒரு பலகையை நான் இத்தனை ஆண்டுகள் காவல் காத்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன: வாசகத்தைத் திருத்தலாம், அல்லது நிலைமையைத் திருத்தலாம். பலகை நீருக்கடியில் பாறையோடு திருகப்பட்டிருக்கிறது. வாசகத்தைத் திருத்துவது சிரமமான வேலை.

ஆளைத் தேர்ந்தெடுத்ததில் என் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. கற்றுக்குட்டி ஒருவர் இறந்தால் வாசகம் அப்போதும் பொய்யாகவே இருக்கும். 'உன்னைவிடத் தேர்ந்தவர்' என்பதற்கு எங்கள் ஊற்றில் பொருந்துபவர் டூலி ஒருவர்தான்.

குகைக்குள் ஒரு மெல்லிய வழிக்கயிறு ஓடுகிறது. அதில் ஆங்காங்கே பிளாஸ்டிக் அம்புக்குறிகள் உண்டு. அவை எப்போதும் வெளியேறும் திசையையே காட்டும். நீர் கலங்கிக் கண் தெரியாதபோது, முக்குளிப்பவர் கயிற்றைப் பிடித்து, அம்பை விரலால் தடவித் திசையறிவார். கயிறு இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை குகையின் வாய்க்குத் திரும்புகிறது. மற்றொன்று குறுகிக்கொண்டே போய் ஒரு பாறையில் முடிகிறது. அந்த வார வெள்ளிக்கிழமை மாலை அங்கிருந்த அம்பைத் திருப்பினேன். ஒரே ஓர் அம்பு.

இதனால் ஒழுங்கான எவருக்கும் ஆபத்தில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அம்பை மட்டும் நம்பக் கூடாது என்பதும் விதிதான். கிளை பிரியுமிடத்தில் ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய துணிக்கிளிப் ஒன்றை, வெளியேறும் பக்கக் கயிற்றில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அம்பு ஊருக்குப் பொது; கிளிப் அவரவருடையது. டூலி கிளிப் மாட்டுபவரல்லர். "இந்தக் குகை என் வீட்டு அடுப்படி மாதிரி மிஸ் வெர்னா, அடுப்படிக்கு எவனாவது அடையாளம் வெப்பானா?" என்பார். ஆகவே நான் செய்தது ஒரு தேர்வு, அவ்வளவே.

சனிக்கிழமை காலை டூலி தனியாக வந்தார்.

"என்ன மிஸ் வெர்னா, என் டார்ச்சையும் புடுங்கப் போறீங்களா?"

"உங்ககிட்டதான் அட்டை இருக்கே."

"அட்டையில இருக்கற போட்டோவப் பாத்தா உங்க எலும்புக்கூடே பயந்துடும்." அட்டையை நீட்டினார். சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். புகைப்படம் அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை.

மாலைவரை அவர் மேலே வரவில்லை. தேடப் போன குழுவில் நானும் இருந்தேன். வேறு யாருக்கும் அந்தக் கிளை அவ்வளவு பழக்கமில்லை. கயிறு பாறையில் முடியுமிடத்தில் அவரைக் கண்டோம். காற்றுச் சிலிண்டர் காலியாக இருந்தது. திரும்பும்போது நான் கடைசியாக வந்து அம்பைப் பழையபடி வைத்தேன். பிறர் வழி தவறக் கூடாதல்லவா? கயிற்றில் கிளிப் எதுவும் இல்லையென்று குழுவினர் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். கவனக்குறைவு என்று முடிவாயிற்று.

பலன்களையும் சொல்லிவிடுகிறேன். டெல்மர் பலகையைக் கழற்றவில்லை. தாமே மூழ்கி, அதன் பாசியைத் துடைத்துவிட்டு வந்தார். மேலே வந்ததும் வெகுநேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். இப்போது வருகிறவர்கள் நான் கேட்பதற்கு முன்பே டார்ச்சை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். ஒரு தகப்பன் சாவிக்கொத்தில் தொங்கிய பொடி விளக்கைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். இத்தனை ஆண்டுகள் வாயால் சொல்லி ஆகாதது இது.

தெளிந்த நீரில் டூலி ஏமாந்திருக்க மாட்டாரே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீர் தெளிவாக இல்லை. அந்தக் குகையின் தரை முழுதும் களிமண். நீந்துவதற்கான ரப்பர் துடுப்பு அணிந்த கால் நான்கு முறை அடித்தால் போதும், முகத்துக்கு நேரே நீட்டிய கையும் தெரியாது. டெல்மரை வாயிலில் உட்காரவைத்துவிட்டு, கயிற்றைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லி நான் டூலிக்குப் பின்னாலேயே இறங்கினேன். எனக்கும் துடுப்பு இருக்கிறது.

இனி, நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்த மஞ்சள் துணிக்கிளிப். என் வீட்டுக் கொடியில், தலையணை உறைக்கு மாட்டியிருந்ததை எடுத்து வந்திருக்கிறீர்கள். பயன்படும் ஒரு பொருளைத் தூக்கியெறிய எனக்கு மனம் வருவதில்லை. அதில் எழுதியிருப்பது டூலியின் கையெழுத்துதான். அன்று அவர் அதைக் கயிற்றில் மாட்டியிருந்தார்; மீன் சாப்பிட்ட அன்று குகையைப் பற்றி நான் எடுத்துச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சரியான பக்கம், சரியான இடம், விரலால் தடவினாலே தெரியும்படி அழுத்தமான எழுத்து. அதைவிடச் செம்மையாக மாட்டிய கிளிப்பை நான் கண்டதில்லை. சற்று நேரம் ரசித்துவிட்டுத்தான் கழற்றினேன்.

இத்தனை ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்த ஒருவர் இல்லாமற்போனது எங்கள் ஊற்றுக்குப் பெரிய இழப்பு.