காலி ட்ரேயில் பூசியவன்

ஏறி நின்று குளிக்கும் தட்டு, அந்த ஷவர் ட்ரேயின் ஓரத்தைத் தண்ணீர் கசியாமல் அடைக்க எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன். குளியலறைக்கென்றே டியூபில் வரும் சிலிக்கான் பசை. பூஞ்சை பிடிக்காது, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் பக்கமே போகாதீர்கள். அது ஜன்னல் ஓரத்துக்கும் சுவர் விரிசலுக்கும் ஆனது. தினமும் தண்ணீர் பட்டால் நாலைந்து வாரத்தில் பிடி விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. பூசும் முன் ட்ரேயில் தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்ற வேண்டும். ஆள் நின்றால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவும் அப்போதே இறங்கிவிடும். பூசிய பிறகு ஒரு நாள் காயவிட்டுத்தான் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காலி ட்ரேயில் பூசினால், முதல் ஆள் ஏறி நின்றதுமே ஓரம் மயிரிழை அளவு பிளக்கும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

தங்கை வீட்டோடு எனக்கு நாலு வருடம் பேச்சில்லை. மாப்பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். தப்பு என் மேல்தான். மாடிக் குளியலறையைப் புதுப்பிக்கத் தங்கைதான் கூப்பிட்டாள். மூன்று நாள் வேலை, மூன்று நாளும் அவர்கள் மேசையில் சாப்பாடு. தங்கை மகள், என் ஆறு வயது மருமகள், கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "மாமா, நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றாள்.

"அதான் வேலை முடிஞ்சுதே, கண்ணு. மாமா எதுக்கு வரப்போறாரு?" என்று மாப்பிள்ளை சிரித்தார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பையில் இரண்டு டியூபும் இருந்தன, இரண்டும் வெள்ளை. அக்ரிலிக்கை எடுத்தேன். ட்ரேயைக் காலியாகவே விட்டுப் பூசினேன். சொட்டினால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன்.

கூப்பிட்டார்கள். ட்ரேக்கு நேர் கீழே மருமகளின் அறை. கூரை மூலையில் ஈரம் இறங்கியிருந்தது. "பழைய வீடு, குழாய் வேர்க்குது," என்றேன். மாதம் ஒரு முறை போய் மேலே அதே அக்ரிலிக்கை ஒரு விரல் தடவினேன். கீழே கறுப்புப் பூஞ்சை மேல் பெயின்ட் அடித்தேன். "நல்ல வேளை, நீங்க இருக்கீங்க மச்சான்," என்று மாப்பிள்ளையே சொன்னார். கூசியது. ஆனாலும் அடுத்த மாதம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

மருமகளுக்கு முதலில் இருமல், பிறகு மூச்சிரைப்பு. மடியில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். எதனால் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு டியூப் சிலிக்கான் பூசினால் போதும், அரை நாள் வேலை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று ஐந்து மாதம் ஓட்டினேன்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூடப் போனேன். "குழந்தை தூங்குற ரூம்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொழில் தெரிந்தவன் நான்தானே.

"இப்ப இல்ல டாக்டர். நானே சரிபண்ணிட்டேன், சுவர் காஞ்சுதான் இருக்கு," என்றேன்.

அதை நம்பித்தான் குழந்தையை அதே அறைக்குக் கூட்டிப் போனார்கள். பதினோராம் நாள் மூச்சு நின்றது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். அதைவிடக் கேவலமான சொல் இருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, "சாப்பிட்டுட்டுப் போண்ணா," என்றாள் தங்கை. உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் குழந்தை இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.