வீட்டுக்கு வந்த குரல் எங்கே?

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, அறிந்ததை அடைத்துவைக்காமல் அள்ளித்தந்த மூத்தோர்களே, பிள்ளையின் குரலை வைத்தே பசியையும் பயத்தையும் பிரித்தறியும் தாய்மார்களே, கட்டற்ற மென்பொருளைக் கட்டியெழுப்பும் இளைய கைகளே, முன்வரிசையில் மடிக்கணினியோடு அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்காவே! அனைவருக்கும் வணக்கம்.

சுருக்கமாகப் பேசு என்று சொல்லி அனுப்பினாள். இவ்வளவு நீளமாக விளித்த பிறகு முறைக்காமல் என்ன செய்வாள்?

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஊருக்கே சொன்ன குரல் அவளுடையது. அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார் மருத்துவர். அறுவைக்கு முன்பே ஒரு மென்பொருளை விலைகொடுத்து வாங்கினோம். அவள் பேசிப் பதிந்துவிட்டால், பிறகு அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் அது அவளுடைய குரலிலேயே பேசும். சமையலறையில் உட்கார்ந்து பதிந்தாள். சிரித்துப் பேசினாள், சலித்துப் பேசினாள், அத்தானைத் திட்டிப் பேசினாள். திட்டு மட்டும் தெளிவாகப் பதிகிறது என்றார் அத்தான்.

அறுவை முடிந்தது. அக்கா பேசினாள்! குரல்வளை இல்லாமலும் குறையில்லாமல் பேசினாள். சில ஆண்டுகள் வீடு வீடாகவே இருந்தது.

ஒரு காலையில் மடிக்கணினியைத் திறந்தாள். யாரோ ஒரு பெண்ணின் குரல் பேசியது. அந்த நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, பழைய குரல்களை நிறுத்தி, பதிவுகளையும் அழித்திருந்தது. சேவை மையத்துப் பெண் பாவம், பதமாகத்தான் சொன்னார்: "குரல் உங்க அக்காவோடதுதான் மேடம். ஆனா ஃபைல் கம்பெனியோடது."

அவையோரே, கேட்கிறேன்! தொண்டை யாருடையது? துயரம் யாருடையது? அந்தச் சிரிப்பும் சலிப்பும் யாருடையவை?

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "அப்ப காசு கொடுத்து வாங்குறதே தப்பாங்க?" இல்லை ஐயா. உழைத்தவர் விலை கேட்கலாம். விற்ற பிறகும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒருநாள் வீட்டையே இடித்துவிட்டுப் போவதுதான் தவறு. அந்த நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தால், பதிவுகள் எங்கள் கணினியில் இருந்திருந்தால், கம்பெனி போனாலும் குரல் போயிருக்குமா?

உங்கள் கட்டற்ற மென்பொருள் சங்கத்துக்கு வந்தோம். யாரும் வாசிக்கக்கூடிய, யாரும் திருத்தக்கூடிய மென்பொருளில் அக்காவின் குரலை மீண்டும் உருவாக்க முனைந்தீர்கள். குரலுக்கு மாதிரி வேண்டுமே? ரயில் நிலையத்தார் பழைய அறிவிப்புகளை மனமுவந்து கொடுத்தார்கள். கண்ணாடிக்காரர் என்று நாங்கள் அழைக்கும் நிரலாளர் அத்தனையையும் அந்த மென்பொருளுக்கு ஊட்டினார். அக்கா முதல் வாக்கியத்தைத் தட்டினாள்: "ஏண்டி இப்படி இளைச்சுப்போயிட்ட?"

அதே குரல்! அச்சு அசல் அதே குரல்! ஆனால், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நான் இளைத்த செய்தியைப் பயணிகள் அனைவருக்கும் அறிவித்தது. சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். இப்போது அக்கா திட்டினால் அத்தான் பெட்டியைத் தேடுகிறார்! கண்ணாடிக்காரர்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டுக் குரலில் ஒரு துளிகூட ஊட்டவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மறுபடி தட்டினாள்: "இது வேலைக்குப் போன நான். வீட்டுக்கு வந்த நான் எங்கே?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறது. ஊர் கேட்ட குரல் வந்துவிட்டது. உறவு கேட்ட குரல் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த முணுமுணுப்புக்கு ஏங்குகிறேன். பாதியில் உடைந்து சிரிப்பாகும் அந்தக் கோபத்துக்கு ஏங்குகிறேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவளுக்காகவே ஏங்குகிறேன்.

ஆனாலும் இந்த முறை எங்கள் முன்னால் மூடிய கதவு இல்லை. ஒரு துண்டு ஒலி கிடைத்தாலும் ஊட்டலாம். குரல் கொஞ்சம் கனியும். இன்னொரு துண்டு கிடைத்தால் இன்னும் கனியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அவளிடம் தவிர!

எங்கள் வீட்டில் தேடியாயிற்று, அவள் பேச்சு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே இரந்து கேட்கிறேன். அண்டை வீட்டார் இருக்கிறீர்கள், அவளோடு வேலைபார்த்தவர்கள் இருக்கிறீர்கள், சொந்தபந்தம் இருக்கிறீர்கள். உங்கள் பழைய கைப்பேசிகளில் தேடிப்பாருங்கள். உங்கள் குழந்தை தத்தி நடக்கும் காணொளியில், பின்னால் யாரோ ஓயாமல் பேசியிருப்பார்கள். இரைச்சல் என்று நினைத்திருப்பீர்கள். அந்த இரைச்சலைத்தான் கேட்கிறேன். அதில்தான் எங்கள் வீடு இருக்கிறது.

அதை அழிக்காமல் வைத்திருக்கும் அந்த ஒருவருக்கு, அவர் யாராக இருந்தாலும், இப்போதே என் நன்றி. செவிகொடுத்த அவைக்கு என் வணக்கம்.