ஆண்கள் நேரம் ஆறு மணி வரை

ஈரத் துண்டை மரப் பெஞ்சின் மேல் போடக் கூடாது. போட்டால் பலகை உப்பி, ஆணி தலைதூக்கி, அடுத்து உட்காருகிறவர் துணியைக் கிழிக்கும். கொக்கி எதற்கு அடித்து வைத்திருக்கிறோம்? இதை எத்தனையோ பேரிடம் தன்மையாகச் சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர் ஐயா, என்னைப் பற்றி நீங்கள் யாரிடம் விசாரித்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மனிதர் கத்த மாட்டார், ஆனால் விடவும் மாட்டார்.

எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு எங்கேர்ந்து தோணுதோ அங்கேர்ந்து எழுதுங்க" என்றீர்கள். தாளும் கொடுத்தீர்கள். நன்றி. பேசினால் முன்பின்னாகிவிடும். எழுதினால் வரிசையாக வரும்.

நகர மன்றத்தின் பொழுதுபோக்கு வளாகம் என் பொறுப்பில் இருந்தது. பூங்கா, பூப்பந்து அரங்கு, மரத்தடிச் சதுரங்க மேசைகள், நீச்சல் குளம். அலுவலகத்தில் எனக்கு நல்ல நாற்காலி ஒன்று உண்டு. அதில் என்னால் உட்கார முடிந்ததில்லை. உட்கார்ந்தால் அரங்கில் விளக்கை அணைத்தார்களா என்று மனம் இழுக்கும். போய்ப் பார்த்தால் அணைத்திருப்பார்கள். திரும்பி வருவதற்குள் ஊஞ்சல் சங்கிலி நினைவுக்கு வரும். இப்படியே பொழுது போகும். பொது இடம் அப்படித்தான். ஒருவர் நேரத்துக்கு எழுந்து போனால்தான் இன்னொருவருக்கு இடம். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவன் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

குளத்தில் ஆண்கள் நேரம் மாலை ஆறு மணி வரை. அதற்குப் பிறகு பெண்கள் வகுப்பு. ஆண்கள் வெளியேறி உடைமாற்றும் அறை காலியானால்தான் பெண்களை உள்ளே விடலாம். முதல் விசில் எச்சரிக்கை. இரண்டாவது விசிலுக்குக் கரையேற வேண்டும். மூன்றாவது விசில் ஊதிவிட்டால் குளம் காலி. இந்த விதியை நான்தான் வகுத்தேன். எல்லோரும் மதித்தார்கள், என் சம்பந்தி வரும் வரை.

என் ஒரே மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் அறுவை நடந்திருந்தது. மருத்துவர் நீந்தச் சொன்னார் என்று வந்தார். நீந்தி நான் பார்த்ததில்லை. ஆழமான பக்கத்தில் மல்லாந்து மிதப்பார். மூன்றாவது விசிலுக்கும் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டுவார்.

"இதோ ஆச்சு சம்பந்தி, ஒரே ஒரு ரவுண்டு."

அந்த ஒரு ரவுண்டு முடிய அரை மணி ஆகும். கூட இருப்பவர்களிடம், "மெதுவா ஏறலாம்பா, நம்ம சம்பந்தி குளம்தானே" என்பார். அவர்களும் தங்குவார்கள். வெளியே பெண்கள் பையும் கையுமாக நிற்பார்கள். அவர்களின் பயிற்சியாளர் வாய்த்துடுக்கான பெண்.

"சார், உங்க விசில்ல காத்து மட்டும்தான் வருதா? இல்ல சொந்தக்காரங்களுக்கு மட்டும் கேக்காத விசிலா?" என்றாள் ஒரு நாள், எல்லார் முன்னிலையிலும். நான் சிரித்து வைத்தேன்.

சம்பந்தியிடம் நேராகச் சொல்லலாமே என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவள் இருக்கிற வீட்டுக்குள் போய்த்தான் விழும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, குளத்துல ஏதோ பிரச்சனையாமே? மாமாவ ஒண்ணும் சொல்லிடாதீங்கப்பா. நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. இந்த வீட்ல இருக்கப்போறது நான்."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதனால் வேறு வழிகளில் முயன்றேன். குளத்தை மூட ஒரு தடித்த பாய் உண்டு. ஆழம் குறைந்த பக்கத்தில் உருளையில் சுற்றிக் கிடக்கும். மோட்டாரைப் போட்டால் முன்னால் ஓர் இரும்புச் சட்டம் இழுக்க, இரண்டு ஓரத்துப் பள்ளங்களிலும் சிக்கிக்கொண்டு, தண்ணீரோடு ஒட்டியபடி ஆழமான பக்கத்துச் சுவர் வரை ஊர்ந்து போகும். அதன் மேல் ஆள் நடக்கலாம், அவ்வளவு இறுக்கம். ஒரு மாலை, அவர் மிதந்துகொண்டிருக்கும்போதே அதைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன்.

"என்ன சம்பந்தி, போர்வை போத்தி விடறீங்களா? அப்படியே தாலாட்டும் பாடிடுங்க" என்றார். கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மோட்டாரை நிறுத்தினேன். அன்றிலிருந்து அது நின்றுவிடும் என்று அவர் நம்பிவிட்டார்.

பிறகு பெண்கள் வகுப்பு நின்றுபோனது. பயிற்சியாளர் ஒரு தனியார் பள்ளிக் குளத்துக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. காத்திருக்க யாரும் இல்லாமல் போனதும் மற்ற ஆண்களுக்குத் தங்கும் ஆசையும் போய்விட்டது. ஆறு மணிக்கே கிளம்பினார்கள். அவர் ஒருவர்தான் மிச்சம்.

அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "வாங்க வாங்க. விசிலக் கொண்டு வந்திருக்கீங்களா? சாப்பிட்டு முடிக்க எனக்கு எத்தன விசில் சம்பந்தி?" மாப்பிள்ளை சிரித்தார். சம்பந்தியம்மா சிரித்தார். என் மகளும் சிரித்தாள். அவள் பரிமாறியபடியே, உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. படுத்தால் கால்கள் நடந்துகொண்டே இருப்பது போலிருந்தது.

நடந்த நாளுக்கு வருகிறேன். மத்தியானம் ஆழமான பக்கத்து ஏணியைக் கழற்றினேன். துரு பிடித்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் துரு துருதான். இதை நீங்கள் திட்டம் என்கிறீர்கள். பராமரிப்பு என் வேலை. மாலையில் காவலாளியைக் கடைக்கு அனுப்பி பல்பு வாங்கிவரச் சொன்னேன். பல்பும் உண்மையிலேயே போயிருந்தது.

ஆறு மணிக்கு மூன்று விசிலும் ஊதினேன். பாய் மோட்டாரின் சாவியைத் திருப்பினேன்.

"மறுபடியுமா?" என்றார் அவர். "நான் அசைய மாட்டேன், பாத்துடலாம்."

பாய் பாதிக் குளம் தாண்டியதும் ஆழமான பக்கமாகப் பின்வாங்கினார். அப்போதும் சிரிப்புத்தான். சுவரை எட்டியதும் இரண்டு பக்கமும் தடவினார். "ஏணி எங்க சம்பந்தி?"

"துரு. கழட்டி வச்சிருக்கேன்."

"சரி சரி, நீங்க ஜெயிச்சீங்க. நிறுத்துங்க. தோள் தாங்கல."

அந்தப் பக்கம் சுவர் உயரம். சுவர் மேலானாலும் பாய் மேலானாலும், இரண்டு கையும் நன்றாக இருப்பவனே தம் கட்டித்தான் ஏற வேண்டும். கடைசியில் சம்பந்தி என்பதை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இங்கே ஒரு திருத்தம். சாவியைத் திருப்பிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. அந்தச் சாவி அப்படிப்பட்டதல்ல. திருப்பிய நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விரலைத் தளர்த்தினால் மோட்டார் நின்றுவிடும், பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். குளம் முழுவதும் தெரியும் இடத்தில்தான் அதைப் பொருத்தியும் இருக்கிறார்கள். எனக்குக் கட்டைவிரல் வலித்தது. கை மாற்றினால் நின்றுவிடும் என்பதால் மாற்றவில்லை. சட்டம் சுவரைத் தொடும்போது அவர் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பாயின் அடியில் ஒரு மேடு நகர்ந்தது. அது போன பக்கமெல்லாம் நானும் கரையோடு கூடவே நடந்தேன். ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி வந்தது. பிறகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் நடந்தேன். அவர் துண்டு பெஞ்சின் மேல் கிடந்தது. எடுத்துக் கொக்கியில் மாட்டினேன்.

மாமா இன்னும் வரவில்லை என்று மகள் கூப்பிட்டாள். எப்போதோ கிளம்பிவிட்டாரே என்றேன். மாப்பிள்ளையோடு வண்டியில் தெருத்தெருவாகத் தேடினேன். தேடியது நடிப்பு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்காது. காலையில் பாயைச் சுருட்டியதும் நான்தான், உங்களுக்குத் தொலைபேசி செய்ததும் நான்தான்.

ஆகவே ஆம், அவரை நான்தான் கொன்றேன். தெரிந்தே, கண்ணால் பார்த்துக்கொண்டே.

என்னைப் பார்க்க மகள் மறுத்துவிட்டாள் என்று சொன்னீர்கள். கோபம் இருக்கும், இருக்கட்டும். அவள் இனியும் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். அதனால் இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்பா கொடுத்த வாக்கை மீறவில்லை. அவள் மாமனாரை, கடைசி வரைக்கும், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.