இருவதுக்குப் பக்கத்துல அஞ்சு

பொட்டிய மூடாதீங்கணா, இருங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல. டக்ளஸ் தொரைக்கி தானே கொண்டாந்தீங்க? கேக்காமயே தெரியும். இந்த கிளப்புல டார்ட்டு எறியறவங்க பதினாலு பேரு கீறாங்க, ஆனா மூணு மாசத்துல மூணு செட்டு வாங்குனவரு அவரு ஒருத்தரு தான். உள்ள டிபன் சாப்டுகினு கீறாரு. ரெண்டு மணிக்கி சுரங்கத்து ஷாஃப்ட்டுல கேஜ் எறக்கற இஞ்சினு அவரு கையில. போறப்ப இந்த வாசப்படி வழியா தான் போவணும். அதுக்குள்ள ஒங்க சரக்கு எந்த லட்சணத்துல கீதுன்னு பாத்துடலாம்.

நானா? என் பேரு நேசமணி. ஆறு வருஷம் இந்த கிளப்புல மார்க்கரு வேல. அப்டின்னா, பலகை பக்கத்துல நிக்கணும், அம்பு எந்த நம்பர்ல குத்திச்சோ அத்த கூவணும், நோட்டுல எழுதணும், அப்பால புடுங்கி தொரைங்க கையில குடுக்கணும். ஒங்களுக்கு முன்னாடி வந்த ஏசெண்டுங்க எல்லாம் என்னாண்ட காட்டிட்டு தான் உள்ள போவாங்க.

இதுவா? மெழுகுவத்தி. ரெண்டு. கீழ உருண்டையா கீறது களிமண்ணு. அது கெடக்கட்டும், ஒங்க சரக்குக்கு வாங்க.

இதுக்குப் பேரு டார்ட்டா? பெங்களூரு தண்டு ஸ்டேஷன்ல இருந்து பங்காருபேட்டை வந்து, அங்க வண்டி மாறி, கோட்டெல்லாம் புழுதியாக்கிகினு கொண்டாந்து காட்டறது இத்த தானா? டப்பா மேல ராஜா மாதிரி ஒரு ஆளு படம். உள்ள கீற குச்சிய கடைஞ்சவனுக்கு அந்த படம் வரைஞ்சவன் புத்தியில பாதி இருந்திருக்கலாம். இந்தா, படி மேல உருட்டறேன். பாத்தீங்களா, நேரா போவாம தள்ளாடுது. பச்சை மரத்த கடைஞ்சிகீறாங்க, கப்பல்ல வர்றப்பவே வளைஞ்சிடுச்சி. இப்ப மூணையும் ஒவ்வொண்ணா வெரல் மேல நிறுத்தி பாருங்க. ஒண்ணு மூக்கு பக்கம் சாயுது, ஒண்ணு வால் பக்கம் சாயுது. ஈயம் சுத்துனவன் அரைத்தூக்கத்துல சுத்திகீறான். மூணும் ஒரே கனம் இல்லன்னா அது ஒரு செட்டே இல்லணா. மூணு வூட்டு புள்ளைங்கள ஒரே சட்டையில நிக்க வச்சி, கூடப் பொறந்ததுங்கன்னு சொல்ற கத.

றெக்கைய பாருங்க, செவப்பு சாயம். தொட்டதும் என் வெரல்ல ஒட்டிகிச்சி. தொரைக்கி கை வேர்த்தா வெள்ளை சட்டை கதி இன்னா ஆவறது? கிறிஸ்மஸுக்கு எங்க சமையக்கட்டுல உரிக்கற வான்கோழி றெக்கை இத்த வுட நூறு பங்கு மேலு. நானே நறுக்கி, பொளந்த வால்ல இறுக்கி சொருகுவேன், ஒரு வருஷத்துக்கு வரும்.

இது இன்னா, தோல் பை? மூணு குச்சிக்கி வெல்வெட்டு தைச்ச பையி. நல்லாகீது. இது ஊசி தீட்டற கல்லா? கெணத்து மேட்டுல கீற கல்லுலயே தேய்ச்சா போதும். பலகைய தொடைக்க பஞ்சு கூட வச்சிகீறீங்களா, பலே. இத்த கேளுங்க, ராத்திரி கிளப்பு மூடறப்ப பலகைய கழட்டி ஒரு அண்டா தண்ணியில முக்கி வச்சா குத்துன ஓட்டையெல்லாம் தானா மூடிக்கும். காலையில எடுத்து நெழல்ல சாத்தணும். ஆறு வருஷமா ஒரே பலகை, ஒரு கீறல் வுடல. இத்த சொன்னா ஒங்க கடையில புது பலகை எப்டி விக்கும், அதனால சொல்ல மாட்டீங்க.

நல்ல செட்டே இல்லியான்னு கேக்கறீங்களா? கீதே, அடியில துணி போட்டு மறைச்சி வச்சிகீறீங்களே, அந்த வெள்ளை மரத்து செட்டு. படம் இல்ல, சாயம் இல்ல, பித்தளை வளையம் இல்ல. எடுங்க, உருட்டறேன். நூல் புடிச்ச மாதிரி போவுது பாருங்க. வெல கம்மி, அதனால அடியில போட்டீங்க. வாங்கறவனுக்கு எது லாபமோ அத்த கண்ணுல காட்டாம வைக்கறதுக்குப் பேரு வியாபாரம், இல்ல?

கோவப்படாதீங்கணா. பாக்கெட்டுல கை வுடாதீங்க, காசெல்லாம் வேணாம். முன்னாடி வந்தவங்க குடுத்தாங்க, வாங்குனேன், இல்லன்னு சொல்லல. இன்னிக்கி வேணாம்.

தொரை கடுதாசில இன்னா எழுதிகீறாரு, அத்த படிங்க. எனக்கும் இங்கிலீசு கொஞ்சம் தெரியும், மிஷன் ஸ்கூலு. படிங்க. தடிமனான அம்பு. நல்லா செவப்பு றெக்கை. பெரிய நம்பர் போட்ட பலகை. பலகைக்கி மேல மாட்ட வெளக்குக்கு ஒரு தகட்டு மூடி. அவ்ளோ தானே? ஒரு மனுசன் இந்த நாலையும் ஒண்ணா எதுக்குக் கேக்கறான்னு ரயில்ல வர்றப்ப ஒரு தபா யோசிச்சீங்களா? எங்க யோசிக்கப் போறீங்க. ஆர்டர் வந்திச்சி, பொட்டிய தூக்கிகினு வந்துட்டீங்க.

அவருக்குக் கண்ணு போச்சிணா.

குருடு இல்ல. கருவிழி ஒரு எடத்துல நிக்கறதில்ல, துடிச்சிகினே கீது. இஞ்சினுக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு ஊர்ல இருவது வருஷம் சுரங்கத்துக்குள்ள மெழுகுவத்தி வெளிச்சத்துல மல்லாந்து படுத்து கல்லு ஒடைச்சவரு. அப்டி ஒடைச்சவங்களுக்கு வர்ற வியாதியாம், எங்க ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு சொன்னாரு. சாயங்காலம் ஆனா துடிப்பு இன்னும் ஜாஸ்தியாவுது. அவருக்கே தெரியும். தெரிஞ்சிகினு, அம்பு சரியில்ல, றெக்கை சரியில்ல, வெளிச்சம் பத்தலன்னு மாசத்துக்கு ஒரு பொட்டி வரவழைக்கறாரு. சிவசமுத்திரத்துல இருந்து கரண்ட்டு வந்தப்ப மொத பல்பு பலகைக்கி மேல தான் மாட்டணும்னு ஒத்த கால்ல நின்னாரு. பல்பும் வந்திச்சி. அம்பு அப்பவும் சுவத்துல தான் போயி குத்திச்சி.

ஒங்களுக்கு கேஜ் தெரியுமா? பாத்ததில்லியா. இரும்புக் கூண்டு, கயித்துல தொங்கும். ஒரு தபாக்கு பதினஞ்சு பேரு நெருக்கிகினு நிப்பாங்க. கயித்த சுத்தற இஞ்சினு மேல கீது. தொரை அதும் பின்னால ஒக்காந்துகினு கீறாரு, கூண்டு அவரு கண்ணுக்குத் தெரியாது. அவரு முன்னாடி கடியாரம் மாதிரி ஒரு வட்டம், அதுல ஒரு முள்ளு. முள்ளு கோட்டாண்ட வர்றப்ப பிரேக்க இழுக்கணும். அந்த முள்ள மட்டும் பாத்து தான் பதினஞ்சு பேர எறக்கறதும் ஏத்தறதும். பலகைய பாக்கற கண்ணு தான் அத்தையும் பாக்குது.

ஆமா, கெலிச்சாரு. போன மாசம் பக்கத்து பாலகாட் சுரங்கத்து கிளப்பு ஆளுங்க வந்தப்ப கெலிச்சாரு தான். ஒங்க கடையில கூட பேசிகினாங்களா? எப்டி கெலிச்சாருன்னு சொல்றேன், கேளுங்க. பலகையில இருவதுக்கு இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல ஒரு வெரக்கடை கூட இல்ல. அம்பு அஞ்சுல குத்தும், நான் இருவதுன்னு கூவிகினே புடுங்கிடுவேன். எட்டு அடி தள்ளி நிக்கறவங்க கையில கிளாஸு, வாயில சுருட்டு. யாரு வந்து மோந்து பாக்கப் போறாங்க? மார்க்கரு சொன்னா சொன்னது தான், அது கிளப்பு சட்டம். புடுங்குன அம்ப பத்தி யாரும் பேசக் கூடாது. சுவத்துல குத்துன ஓட்டைங்கள காலையில சுண்ணாம்பு கொழச்சி நானே அடைச்சிடுவேன்.

எதுக்குன்னா? மொத நாளு பாவமா இருந்திச்சி. நாப்பத்தஞ்சு வயசு மனுசன், எறிஞ்சிட்டு, அம்ப பாக்காம என் மூஞ்சிய பாக்கறாரு, நான் இன்னா சொல்லப் போறேன்னு. இருவதுன்னேன். அப்பால ஒரு பழைய கோட்டு குடுத்தாரு. அப்பால பழக்கமாயிடுச்சி. என்ன மாதிரி ஈனப்பய இந்த கோலார் ஜில்லாவுல இன்னொருத்தன் இல்லணா, அத்த நான் தான் சொல்லணும்.

அந்த மேட்ச்சு முடிஞ்ச அடுத்த வாரம் கேஜு மேல வர்றப்ப நிக்கல. கோட்ட தாண்டி ஏறி, மேல கீற உத்தரத்துல மோதிச்சி. சம்பங்கின்னு ஒரு ஆளு, மோதுன வேகத்துல காலு கம்பிக்கி நடுவுல மாட்டிகிச்சி. ஆஸ்பத்திரியில முட்டிக்கிக் கீழ எடுத்துட்டாங்க. யாரு தப்புன்னு ஆபீசுல விசாரணை வச்சாங்க. கூண்ட நிறுத்தச் சொல்லி பெல்லு அடிக்கற ஆளு தப்பா அடிச்சிட்டான்னு தொரை சொன்னாரு. அந்தாளு ஜெயகரன், என் தங்கச்சி புருஷன். இல்ல தொரை, நான் சரியா தான் அடிச்சேன், டக்ளஸ் ஐயா தான் முள்ள பாக்கலன்னு அவன் சொன்னான். சொன்னதும் டக்ளஸ் தொரை சிரிச்சாரு. என் கண்ணு சரியில்லியா, அப்ப கிளப்பு நோட்ட கொண்டாங்க, பாலகாட்காரங்க மேல எத்தினி இருவது போட்டேன்னு பாருங்கன்னாரு.

நோட்டு வந்திச்சி. என்னையும் கூப்ட்டாங்க. இது ஒன் கையெழுத்தா நேசமணின்னு பெரிய தொரை கேட்டாரு. ஆமாங்க தொரைன்னேன். அதுல எழுதுனது நெசமான்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. ஜெயகரன் என்ன ஒரு பார்வை பாத்தான். அவனுக்கு விசயம் தெரியும், வூட்ல சோறு துன்றப்ப நானே சிரிச்சிகினு சொல்லிகீறேன், அஞ்ச இருவதாக்கற வித்தைய. அவனுக்கு வேல போச்சி. இப்ப பங்காருபேட்டை ஸ்டேஷன்ல மூட்டை தூக்கறான். நீங்க எறங்கறப்ப கூட பொட்டிய வாங்க வந்திருப்பான். ஒசரமா, நெத்தியில ஒரு தழும்பு. வந்தானா? இந்த பொட்டிய அவன் தான் தூக்குனானா.

என் தங்கச்சி என் வூட்டுப் பக்கம் வர்றதில்ல. மாதா கோயில்ல பாத்தாலும் மூஞ்சிய திருப்பிக்கறா. திருப்பாம இன்னா செய்வா.

ரெண்டு சனிக்கெழம வாய மூடிகினு நின்னேன். போன சனிக்கெழம தொரை மொத அம்பு எறிஞ்சாரு. அஞ்சுன்னேன். ரெண்டாவது, ஒண்ணுன்னேன். மூணாவத புடுங்கல, அப்டியே வுட்டுட்டு, சுவருன்னேன். நேசமணி, இன்னொரு தபா சொல்லுன்னாரு. சுவரு தொரைன்னேன். எல்லாரும் வந்து பாத்துக்கட்டும்னு பலகைய வுட்டு தள்ளி நின்னேன். ஒருத்தரும் எழுந்து வரல. அம்பு அங்க குத்திகினு நிக்குது, யாரும் அந்தப் பக்கம் தலைய திருப்பல. கிளாஸ பாத்துகினு ஒக்காந்துட்டாங்க. பதிமூணு பேரு கண்ணும் நல்ல கண்ணு தான்.

ஆமா, அன்னியோட சரி. நான் இப்ப மார்க்கரு இல்ல. ஒங்களாண்ட ஆறு வருஷம்னேனே தவிர, இப்பவும் கீறேன்னு சொல்லல. மார்க்கரு குடிச்சிட்டு தப்பா கூவிட்டான், அம்பும் வளைஞ்சிடுச்சின்னு சொல்லிகீறாரு. அதுக்குத் தான் நீங்க வந்துகீறீங்க. புது அம்பு, புது மார்க்கரு. இந்தப் பொட்டிய வாங்கிட்டா அவருக்கு இன்னும் ஒரு மாசம் ஓடும். அந்த ஒரு மாசம் அந்த முள்ளுக்கு முன்னாடி அவரு தான் ஒக்காந்துகினு இருப்பாரு.

அதனால ஒண்ணே ஒண்ணு செய்ங்கணா. விக்காதீங்க. ஒங்க பழைய அம்ப பாத்தேன் தொரை, அத்த வுட நல்ல சரக்கு எங்க கடையிலயே இல்ல, கோணல் அம்புல இல்லன்னு சொல்லுங்க. நான் சொன்னா வெறும் கூலிக்காரன் பேச்சு. ஆபீசு வரைக்கும் போனேன், வாட்ச்சுமேன் வாசல்லயே தொரத்திட்டான். நீங்க கோட்டு போட்ட ஆளு, கடைக்காரரு, நாலு தொரைங்க காதுல வுழற மாதிரி சொன்னா ஒருத்தனாவது யோசிப்பான். நஷ்டம் தான். வந்த ரயில் சார்ஜு கூட தேறாது. எனக்குத் தெரியும், நீங்க விப்பீங்க. அந்த சாயம் போற செவப்பு றெக்கைய தான் மொதல்ல எடுத்து நீட்டுவீங்க. ஆறு வருஷம் பாத்துட்டேன், இந்த வாசல்ல ஏறுனவன் எவனும் நேரா பேசுனதில்ல, நான் ஒருத்தன் மட்டும் இன்னா.

சங்கு ஊதிடுச்சி. அதோ, தொப்பி மாட்டிகினு வர்றாரு பாருங்க, படி எங்க கீதுன்னு காலாலயே தடவிகினு. நான் கெளம்பணும்.

மெழுகுவத்தி எதுக்குன்னு அப்பவே கேட்டீங்க இல்ல? ஸ்டோர்ல குடுத்தது, ஒரு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு. களிமண்ண வச்சி தொப்பியில ஒட்டிகினு எறங்கணும். மூணு புள்ளைங்க கீதுங்க, வேற எவனும் வேல குடுக்கல, இதே ஷாஃப்ட்டுல தான் சீட்டு கெடச்சிச்சி. இன்னிக்கி தான் எனக்கு மொத நாளு. பத்து மணிக்கி ஷிஃப்ட்டு முடியும், அப்ப என்ன மேல ஏத்தப் போறதும் அவரு தான்.