கஸ்தூரி அம்மா தன்மேல் போட்டுக்கொண்ட பட்டியல்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ராஜமாணிக்கம் ஐயா அவர்களே, கஸ்தூரி அம்மாவின் மகன் பிரசாத் அண்ணன் அவர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, செங்கல் சூளையில் லீவு சொல்லிவிட்டு வந்து பின்னால் நிற்கும் ஒடிசா சகோதரிகளே, வணக்கம். முன்னால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. உட்காருங்கள். நீங்கள் நிற்கும்போது யாரையும் பேச விட்டிருக்க மாட்டார் கஸ்தூரி அம்மா.

முப்பத்தொரு வருடம் செவிலியர். எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை தெரு நடந்தார் என்று இந்த நினைவுக் கூட்டத்தில் பலர் சொன்னார்கள். எல்லாம் உண்மை. அவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

என் பெயர் எழிலரசி. அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் திட்ட ஒருங்கிணைப்பாளர். மூன்று வருடத்துக்கு முன் கர்ப்பிணிகளுக்கு டாக்சோபிளாஸ்மோசிஸ் பரிசோதனை தொடங்கினோம். பூனைக் கழிவு கலந்த மண்ணிலிருந்தும், சரியாக வேகாத கறியிலிருந்தும் வரும் தொற்று அது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாக வந்தால் குழந்தையின் கண்ணைப் பாதிக்கலாம்.

அறுபது பேருக்கு மட்டுமே பரிசோதிக்க முடியும். யார் யாருக்கு என்று பட்டியல் போட்டவள் நான். சூளையில் வேலை செய்யும் வெளிமாநிலப் பெண்கள் அனைவரையும் எழுதினேன். குழந்தை பிறக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்ட உள்ளூர்ப் பெண்களின் பெயர்களை அடித்துவிட்டேன். கறியை நினைத்தேன், மண்ணை மறந்தேன்.

பட்டியலைப் பார்த்த கஸ்தூரி அம்மா கேட்டார்: "கடலை புடுங்குற பொண்ணுங்கள உட்டுட்டியே கண்ணு. மண்ணோட புடுங்கி, முந்தானையில தொடைச்சி, பச்சையா மெல்லுதுங்க. மூட்டைக்கு எலி வருதுன்னு வூட்டுக்கு ரெண்டு பூனை வேற."

"நம்ம பொண்ணுங்க சுத்தமா இருப்பாங்கம்மா" என்று சிரித்தேன்.

"சூளைக்காரப் பொண்ணு அழுக்குன்னு உனக்கு யாரு சொன்னது? உன்னவிட ஜாஸ்தி வாட்டி கை கழுவுறா அவ."

அப்போதாவது திருத்தினேனா? இல்லை. படித்தவள் அல்லவா நான்!

சூளைப் பெண்களில் பலருக்கு அந்தத் தொற்று எப்போதோ வந்து போயிருந்தது. அவர்கள் வயிற்றுக் குழந்தைகளுக்கு ஆபத்து இல்லை. நான் அடித்த பெயர்களில் ஒன்று ஆர்த்தி. அவருக்குக் கர்ப்ப காலத்தில்தான் அது முதல்முறையாக வந்தது. அவருடைய மகளுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை.

விசாரணை நடந்தது. ஆர்த்தியை ஏன் பரிசோதிக்கவில்லை என்று ஐயா கேட்டார். "லிஸ்ட் நான் போட்டது சார்" என்றார் கஸ்தூரி அம்மா. நான் பக்கத்திலேயே நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர் ஊராகப் போனவரை அதன்பின் மருந்து அறையில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் அவர் போகவில்லை. தன் அம்மா தப்பு செய்யவில்லை என்று பிரசாத் அண்ணனுக்கு இந்த நிமிடம்தான் தெரிகிறது.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் கஸ்தூரி அம்மா என்னிடம் சொன்னார்: "உனக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாச்சி. ஆர்த்திகிட்ட மட்டும் நீயே போயி சொல்லிடு. அது போதும்."

நான் போகவில்லை. போனியா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஆர்த்தியிடம் சொல்லாமலேயே அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இதைவிட வெட்கம் ஒரு மனுஷிக்கு உண்டா?

ஐயா, பட்டியல் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கோப்பில் கஸ்தூரி அம்மாவின் பெயரை நீக்குங்கள். என் வேலை இருந்தாலும் போனாலும், எந்த ஊர்க் கர்ப்பிணியும் இந்தப் பரிசோதனையில் விடுபடாமல் இருக்க நான் வீடு வீடாக நடப்பேன். அவர் விட்ட இடத்திலிருந்து நடப்பேன்.

ஆர்த்தி, மூன்றாவது வரிசையில் மகளோடு இருக்கிறீர்கள். உங்கள் பெயரை அடித்தது நான். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கீழே இறங்கி உங்கள் எதிரில் வந்து நிற்கிறேன். என்ன கேட்க வேண்டுமோ, என்னையே கேளுங்கள்.